வலிக்காத நெறி

கடைசியாக மனைவி ஆவுடையம்மாளை உயிரோடு பார்த்தபோது புன்னைவனம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தைத்தான் பார்த்தார். காலை ஆறே முக்கால் இருக்கும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவர்ப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தவள் மெல்லத் திரும்பி, "வீட்டு மோட்டார நிப்பாட்டிட்டுத்தான வந்தீங்க?" என்று கேட்டாள். "நிப்பாட்டிட்டேன்" என்று அவர் அந்தக் கழுத்திடம் சொன்னார். பிறகு இட்லி வாங்கப் போனார். சாம்பார் ஆறியிருக்கிறது, சூடு பண்ணித் தாருங்கள் என்று கடையில் பத்து நிமிஷம் கூடுதலாக நின்றார். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரை இழுத்திருந்தார்கள். நாலு வருஷம் ஆயிற்று. மோட்டாரைப் பற்றிக் கேட்டபோது அவள் கண் எப்படி இருந்தது, கேலியாகவா, அசதியாகவா, வேறு எதையோ கேட்க நினைத்து மோட்டாரைக் கேட்டாளா என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாது. முகத்தைப் பார்ப்பதை அதற்கு எட்டு மாதத்துக்கு முன்னாலேயே அவர் விட்டுவிட்டிருந்தார். பார்த்தால் அவள் ஏதாவது சொல்லிவிடுவாள் என்று பயம். அவளோ ஒன்றும் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் பரவாயில்லை.

இப்போது எதற்கு அது. இப்போது மணி பதினொன்று பத்து, பாளையங்கோட்டையில் ஒரு கிளினிக்கின் நீள வராந்தா, நீல நிற பிளாஸ்டிக் நாற்காலி, எதிர் நாற்காலியில் தூக்கிவைத்த தன்னுடைய இடது கால். குதிகாலைச் சுற்றிப் பழைய துண்டு. பக்கத்தில் ஆவுடையின் தங்கை கோமதி, மடியில் பையோடு. ரத்தம் எடுத்தாகிவிட்டது, ரிப்போர்ட் வர முக்கால் மணி நேரம் ஆகும் என்று சொல்லி உட்கார வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் மொட்டைமாடித் தொட்டியை எட்டிப் பார்க்க வெறுங்காலோடு ஏறியவர் தகரத்தில் குதிகாலைக் கிழித்துக்கொண்டார். உப்புத் தண்ணீரில் கழுவினார், களிம்பு போட்டார். தினமும் குளித்து முடித்ததும் இரண்டு விரலால் தொடை இடுக்கில் அமுக்கிப் பார்த்தார். நெறி கட்டவில்லை. சின்ன வயதில் காலில் ஒரு முள் குத்தினால்கூட சாயங்காலத்துக்குள் தொடை இடுக்கில் நெல்லிக்காய் தண்டிக்கு நெறி கட்டிவிடும், நடக்க முடியாது, காலை அகட்டி அகட்டிப் பள்ளிக்கூடம் போக வேண்டும், பையன்கள் சிரிப்பார்கள். இப்போது அது ஒன்றும் இல்லை. நெற்றியில் கைவைத்துப் பார்த்தார், சூடு இல்லை. நெறி இல்லை, காய்ச்சல் இல்லை, அப்படியென்றால் விஷம் மேலே ஏறவில்லை, புண் தானாக ஆறிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு சுலபமாகக் கணக்கு முடிந்துவிட்டது. நேற்று கோமதி மாதாமாதம் கொண்டுவரும் புளிக்காய்ச்சல் பாட்டிலோடு உள்ளே நுழைந்ததும் நடையிலேயே நின்று, "என்ன அத்தான் வாடை?" என்றாள். அவர் வெளியே சாக்கடையைக் காட்டினார். உண்மையாகவே சாக்கடை என்றுதான் மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்தார். தன் உடம்பின் நாற்றம் என்று தெரியாமல் ஜன்னலைச் சாத்திச் சாத்தி உட்கார்ந்திருக்கிறார். கோமதி ஜன்னலைப் பார்க்கவில்லை, குனிந்து காலைப் பார்த்தாள், மூக்கைப் பொத்தவில்லை, முந்தானையைக்கூட எடுக்கவில்லை. பொத்தியிருக்கலாம்.

சற்று முன்னால் உள்ளே பார்த்த டாக்டர் சின்னப் பெண். காலைப் பார்த்து முகம் மாறாமல் தொடை இடுக்கை அமுக்கினாள். அவர் முந்திக்கொண்டு, "நெறி கட்டலம்மா, அதான் லேசா விட்டுட்டேன்" என்றார், பரீட்சையில் விடை தெரிந்தவர் மாதிரி. அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "ஐயா, நெறி கட்டலன்னா ஒண்ணும் இல்லன்னு அர்த்தம் இல்ல. உங்க வயசுல நெறியெல்லாம் வத்திப் போயிருக்கும். எண்ணிக்கையும் கொறஞ்சிரும், மிச்சம் இருக்கிறதுலயும் பாதி கொழுப்பு. சண்டை போட ஆள் இருந்தாத்தான சத்தம் கேக்கும்? காய்ச்சலும் அப்படித்தான், பலபேருக்கு வராது. உள்ள பரவிக்கிட்டு இருக்கும், வெளிய எல்லாம் அமைதியா இருக்கும்." அத்தோடு அவர் எழுந்து வந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "அப்ப வயசானவங்களுக்கு நெறி கட்டினா?" என்று கேட்டார். "வலியோட கட்டினா பக்கத்துல எங்கயாவது புண்ணு, பல்லுல சீழு ஏதாவது இருக்கான்னு பாக்கணும். வலியே இல்லாம, கெட்டியா, வளந்துக்கிட்டே போச்சுன்னா ஒரு வாரம்கூட வச்சுப் பாக்கக் கூடாது, ஒடனே காட்டணும். ஏன், எங்கயாவது இருக்கா?" கோமதி அவருடைய நாற்காலி முதுகில் கைவைத்துப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். அவள் வளையல் நாற்காலிக் கம்பியில் லேசாகத் தட்டியது. "இல்ல, சும்மா கேட்டேன்" என்றார் புன்னைவனம். சும்மா. ஒரு வாரம்கூட. வலியே இல்லாம.

வலி இருக்கிறதா என்று அவர்தான் ஆவுடையிடம் கேட்டார். சமையல்கட்டு வாசலில் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து, "இந்தா பாருங்க, இங்கன நெறி கட்டின மாதிரி இருக்கு" என்று காறை எலும்புக்கு மேலே அவர் விரலை எடுத்து வைத்தாள். புளியங்கொட்டை அளவு. அமுக்கினார். "வலிக்கா?" "வலிக்கல." "அப்ப ஒண்ணுமில்ல." அவருக்கு அப்போது அறுபத்தெட்டு, அவளுக்கு அறுபத்திரண்டு. உடனே விளக்கமும் சொன்னார். அதுதான் அவருடைய வியாதி, விளக்கம் சொல்வது. ஆற்றங்கரைக் குடிநீர் பம்ப் ஹவுஸில் முப்பத்தொரு வருஷம் மோட்டார் ஓட்டியவர். மோட்டார் ஓடும், ஆப்பரேட்டர் உட்கார்ந்திருக்க வேண்டும், வேறு வேலை கிடையாது. நூலகத்திலிருந்து எடுத்துவந்து படித்தார். உடல்நூல், மருந்துநூல், வாரப் பத்திரிகைகளில் டாக்டர்கள் எழுதும் கேள்வி பதில், கத்தரித்து ஒட்டிய நோட்டுகள் பதினேழு. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர் ரத்தச் சோதனைக் காகிதத்தைப் படித்துச் சொல்வார் என்று தெருவில் பெயர். 'பம்ப் டாக்டர்' என்பார்கள், கேலிதான், ஆனாலும் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அன்றைக்கு ஆவுடைக்கும் சொன்னார்: "ஃபில்டர் பெட்டுல ஆத்துத் தண்ணி கலங்கலா வந்தா மணல் அடைச்சுக்கிடும், பிரஷர் காட்டுத கேஜ் முள்ளு ஏறும். ஏறினா ஃபில்டர் கெட்டுப்போச்சுன்னா அர்த்தம்? வேலை செய்யுதுன்னு அர்த்தம். நெறியும் அதான். ஒன் உடம்பு ஏதோ அழுக்கைப் பிடிச்சு வச்சிருக்கு. நல்லதுதான்." அவள் சிரித்தாள். "இந்த வீட்டுல எல்லாத்துக்கும் ஒரு பம்பு உண்டு" என்றாள். அவருக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைதான், இப்போது நினைக்கும்போது, கட்டியைவிட அருவருப்பாக இருக்கிறது.

சுண்ணாம்பையும் தேனையும் குழைத்து அவரே போட்டார். குழைக்கும்போது விரலில் சூடு ஏறும், அந்தச் சூட்டோடு தடவ வேண்டும். காய்ந்து வெள்ளையாகப் பொருக்குத் தட்டி, தோல் சிவந்தது. "பாத்தியா, இழுக்குது" என்றார். என்ன இழுத்தது. பத்து நாளில் கட்டி எலுமிச்சம் பிஞ்சானது. அவர் மறுபடியும் குழைத்தார். விடியும்போது அவள் ஜாக்கெட் முதுகெல்லாம் நனைந்திருந்தது, வெயில் காலம் என்றார். வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது, இந்த வயசில் உடம்பு வற்றுவது நல்லது, முட்டி வலி குறையும் என்றார். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு பதில் இருந்தது, ஒவ்வொரு பதிலும் எங்கோ படித்ததுதான், ஒவ்வொன்றும் யாருக்கோ சரியாகக்கூட இருந்திருக்கும். பம்ப் ஹவுஸில் ஒரு வருஷம் கேஜ் முள் ஏறவே இல்லை. வெள்ளம் வந்து ஆறு செம்மண்ணாக ஓடுகிறது, முள் அசையவில்லை. லாக் புக்கில் 'சீராக உள்ளது' என்று இருபது நாள் எழுதினார். பழைய மணல் உருண்டை உருண்டையாகத் திரண்டு, நடுவில் வெடித்து, தண்ணீர் வடிகட்டாமலே விரிசல் வழியாக ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது. ஃபிட்டர் வந்து மூடியைத் திறந்து காட்டி, "அண்ணாச்சி, மணலுக்கு வயசாயிட்டு. இனி முள்ளை நம்பாதீங்க" என்று சொன்னார். அது தெரிந்த மனிதர்தான் இவர். தெரிந்துகொண்டே வயதான ஒரு கழுத்தைத் தொட்டு, முள்ளை நம்பினார். நேற்றுவரை தன் தொடை இடுக்கிலும் அதே முள்ளைத்தான் நம்பினார். அவளுக்கு முள் ஏறியபோது நல்லது என்றார், தனக்கு ஏறாதபோதும் நல்லது என்றார். என்ன மண்டை இது.

ஆனால் இதுகூட அறியாமைதான், அறியாமைக்கு மன்னிப்பு உண்டு என்று அவர் தனக்குத்தானே பல தடவை சொல்லியிருக்கிறார். சொல்லும்போதே நினைப்பு அடுத்ததில் போய் மாட்டிக்கொள்ளும், வேட்டி நுனி ஆணியில் மாட்டுகிற மாதிரி. ஆவுடை போனைக் கையில் எடுத்தாள். மூன்றாவது வாரம். "கோமு கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருதேன். அவ நாத்தனார் பொண்ணு ஆஸ்பத்திரியிலதான வேலை பாக்கா, கூட்டிட்டுப் போவா." அவர் போனை வாங்கி வைத்தார். பிடுங்கவில்லை, வாங்கித்தான் வைத்தார், சிரித்துக்கொண்டேதான். "ஒன் தங்கச்சிகிட்ட சொன்னா தென்காசி வரைக்கும் தம்பட்டம் அடிப்பா. பம்ப் டாக்டர் பொண்டாட்டியையே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாவன்னு ஒரே சிரிப்பா இருக்கும்." அந்தச் சிரிப்புக்குத்தான் அவர் பயந்திருக்கிறார். கோமதி வாரத்தில் இரண்டு நாள் வருவாள். வரும் நாளில் சுண்ணாம்பு தெரியாமல் சேலையைக் கழுத்தோடு போர்த்திக்கொள் என்று சொன்னதும் அவர்தான். பிறகு ஒரு நாள் வாளியைத் தூக்கக் குனிந்தபோது சேலை சரிந்து, கோமதி பார்த்துவிட்டாள். "ஏட்டி, என்ன இது? எத்தன நாளா?" ஆவுடை அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு நிமிஷம்கூட இருக்காது. "கொஞ்ச நாளாத்தான்" என்றாள். காட்டிக்கொடுக்கவில்லை. அதன் பிறகுதான் அவர் முகத்தைப் பார்ப்பதை விட்டார். பெரிய ஆஸ்பத்திரி, ஊசிமருந்து, முடி கொட்டியது, கடைசியில் சாதாரணச் சளி ஒன்று நெஞ்சில் இறங்கியது. தடுக்க அவள் உடம்பில் ஆள் இல்லை என்று அங்கேயும் ஒரு டாக்டர் சொன்னார். துஷ்டி வீட்டில் யாரோ, "கொஞ்சம் முந்தியே காட்டியிருக்கலாமே" என்று இழுத்தபோது, கோமதி அழுதுகொண்டே, "அவ எங்க வாயத் தொறந்தா? மூடி மூடித்தான வச்சிருந்தா" என்றாள். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்று. ஒரே ஒரு தடவை, கொஞ்சமாகத்தான். பிணம் நடுவீட்டில் கிடக்கிறது, அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டு அதன் மேலேயே பழியைத் தூக்கி வைத்தார்.

"உங்களுக்கு எத்தனாவது நம்பர் தாயி?" என்று பக்கத்து நாற்காலி அம்மாள் கோமதியைக் கேட்டாள். இருமலுக்காக வந்தவள், கம்பளித் துண்டைத் தலையில் கட்டியிருந்தாள். "ரிப்போர்ட்டுக்கு இருக்கோம். இவ்வொ எங்க அக்கா மாப்பிள்ள. பன்னெண்டு நாளா காலை இப்படி வச்சிக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லல." அம்மாள் காலைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். "ஆம்பளைக்கு இது அதிசயந்தான். எங்க வீட்டய்யா ஒரு தும்மல் போட்டா ஒம்போது பேருக்குச் சொல்லி விடுவாவ. நான் கம்பளியக் கட்டிக்கிட்டுக் கெடந்தா, காப்பி எங்கம்பாவ." கோமதி சிரித்தாள். சிரித்த வாய் மூடுவதற்குள், "எங்க அக்கா கூடச் சேந்த குணம்லா, அதான்" என்று ஆரம்பித்துவிட்டாள். "கழுத்துல எலுமிச்சங்கா தண்டிக்குக் கட்டி. எத்தன மாசமோ. சேலையப் போத்திப் போத்தி மறைச்சிருக்கா. நான் என்ன அந்நியமா? கூடப் பொறந்தவ. எங்கிட்டக்கூட மறைக்கணும்னு அவளுக்கு எப்படித்தான் மனசு வந்துதோ." நாலு வருஷமாக இதே வார்த்தைகள், இதே வரிசை. கல்யாண வீட்டில், பஸ்ஸில், பால் வாங்குகிற இடத்தில். ஒவ்வொரு தடவையும் அவர் வேறு எங்கோ பார்ப்பார். இப்போதும் எதிர்ச் சுவரில் குழந்தைத் தடுப்பூசி அட்டவணையைப் பார்த்தார். பிறந்த உடன், ஆறாவது வாரம், பத்தாவது வாரம்.

சொல்லிவிடலாம். எப்படி ஆரம்பிப்பது. கோமு, ஒரு விஷயம். இல்லை, அது நாடகம் மாதிரி இருக்கும். காலைக் காப்பாற்ற முடியாது என்று வந்துவிட்டால் பிறகு சொல்லிக்கொள்ளலாம், அப்போது பரிதாபத்தில் மன்னித்துவிடுவாள். இந்த யோசனை வந்ததும் அவருக்குக் காது மடல் சுட்டது. எழுபத்துமூன்று வயதில் இன்னும் பேரம். பிள்ளை இல்லை, சொந்தம் என்று வாசலில் வந்து நிற்கிறவள் இவள் ஒருத்திதான். சொன்னால் நாளைக்கு யார் வருவார்கள், காலுக்கு யார் மருந்து வைப்பார்கள், அந்த பாட்டில் யார் கொண்டுவருவார்கள். பாட்டில். தங்கை தன் அக்காமேல் நாலு வருஷமாக மனத்தாங்கலோடு இருக்கிறாள், இவர் புளிக்காய்ச்சலுக்குப் பயப்படுகிறார். உள்ளே பரவிக்கொண்டிருக்கும், வெளியே அமைதியாக இருக்கும் என்று அந்தப் பெண் எதைப் பற்றிச் சொன்னாளோ. துண்டுக்குள் குதிகால் விண் விண் என்று தெறிக்கவாவது செய்யலாம். அதுவும் இல்லை. ஒன்றுமே இல்லை.

"கோமு."

"என்ன, தண்ணி வேணுமா?" அவள் பாட்டில் மூடியைத் திறந்தாள்.

"ஆவுடை மறைக்கல."

கோமதிக்குப் புரியவில்லை. பாட்டிலை நீட்டியபடியே இருந்தாள்.

"மொத நாளே எங்கிட்ட சொல்லிட்டா. வெறும் நெறி, ஒண்ணுமில்லன்னு நாந்தான் சொன்னேன். சுண்ணாம்பு போட்டது நான். நீ வரும்போது சேலையப் போத்திக்கோன்னு சொன்னதும் நாந்தான்."

அவள் பாட்டிலை மூடினாள். மூடி இறுகிய பிறகும் திருகினாள். கம்பளி கட்டிய அம்மாள் தன் நம்பர் சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க ஆரம்பித்தாள்.

"எங்கிட்ட சொல்லணும்னு சொன்னாளா?"

"சொன்னா. ஒரு நா போனைக்கூட எடுத்தா."

"எடுத்து?"

"நான் வாங்கி வச்சிட்டேன்."

"எத்தன நாள்?"

"மூணு மாசமும் பதினோரு நாளும்."

கோமதி பாட்டிலைப் பைக்குள் வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. "நாலு வருசமா நான் அவளத்தான் ஏசிக்கிட்டு இருக்கேன். வெளக்கு ஏத்தும்போதெல்லாம். ஏ மூதி, எங்கிட்டக்கூட சொல்லாமப் போயிட்டியேன்னு. நீங்க பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான இருந்தீங்க?"

"ஆமா."

வேறு ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. பயமாக இருந்தது, தெரியாமல் நடந்தது, நானும் தினமும் செத்துக்கொண்டுதான் இருந்தேன். ஒவ்வொன்றும் மறுபடியும் விளக்கமாகவே வந்தது. வாயை மூடிக்கொண்டார். சொன்னால் நெஞ்சு லேசாகும் என்று எத்தனையோ இடத்தில் படித்திருக்கிறார். லேசாகவில்லை. முன்பு ஒருத்தருக்குச் செய்தது, இப்போது இரண்டு பேருக்குச் செய்ததாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். கோமதி எழுந்து, அவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள், எப்போதும் தூக்குகிற அதே பிடிதான், ஆனால் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டாள். டாக்டர் காகிதத்தைப் பார்த்தாள். வெள்ளை அணுக்கள் பத்தொன்பதாயிரம், சர்க்கரையும் இருக்கிறது, ஐந்து நாளாவது படுக்க வேண்டும், நாளைக் காலையில் புண்ணைத் திறந்து சுத்தம் பண்ணுவோம், இப்போதைக்குக் காலை எடுக்கும்படி இல்லை, ஆனால் இன்னும் நாலு நாள் கழித்து வந்திருந்தால் சொல்ல முடியாது என்றாள். "நல்லவேளை, கூட்டிட்டு வந்தீங்க" என்று கோமதியிடம் சொன்னாள். கோமதி, "சரிம்மா" என்றாள்.

வெளியே வந்து அவரைப் பழைய நாற்காலியிலேயே உட்கார வைத்தாள். "வேட்டி, துண்டு, போர்வை எடுத்திட்டு வாரேன். சாவியக் குடுங்க." கொடுத்தார். அவள் போகவில்லை. "பீரோ சாவியும் குடுங்க. அவ ரிப்போர்ட்டெல்லாம் எங்க இருக்கு? நான் தேதியப் பாக்கணும்." அத்தான் என்று சொல்லவில்லை. சொல்லாதது அவருக்குச் சரியாகவே பட்டது. இடுப்பிலிருந்து சின்னச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

"நடுத்தட்டுல மஞ்சக் கவரு. காகிதம் எல்லாம் அதுல இருக்கு. சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒண்ணும் இருக்கும். குப்பைன்னு நெனச்சுப் போட்ராத."

"அதுல என்ன?"

"கழுத்துல இருந்து வெட்டி எடுத்தது. மதுரையில இன்னொரு டாக்டர்கிட்ட காட்டணும்னு கேட்டப்ப, லேப்ல மெழுகுல பதிச்சுக் குடுத்தாங்க. திரும்பக் குடுக்கப் போகல."

கோமதி சாவிகளைக் கைக்குள் மூடிக்கொண்டாள். பிறகு படியிறங்கி, ஆட்டோ நிற்கிற பக்கமாக நடந்து போனாள். அவர் காலை எதிர் நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டார். அஸ்தி முழுவதையும் தாமிரபரணியில் கரைத்தாயிற்று. சேலைகளைக் கோமதியே பங்கு வைத்துக் கொடுத்துவிட்டாள். ஆவுடையம்மாளின் உடம்பில் மிச்சம் இருப்பது, தபால்தலை அகலமுள்ள மெழுகுக் கட்டிக்குள் பட்டாணி அளவில் ஒரு துண்டு நெறி.